காரின் யூஎஸ்பி போர்ட்: இடம் மாற்றுவதா, புதிதாக ஒன்று வைப்பதா?

கியர் லீவருக்கு முன்னால், ஒரு சாண் பள்ளத்துக்குள் யூஎஸ்பி போர்ட் ஒளிந்திருக்கும் வண்டிகள் நம் குமரி மாவட்டத்தில் நிறைய ஓடுகின்றன. கேபிளைச் சொருகினால் அதன் தலை கையை நோக்கித் துருத்திக்கொண்டு நிற்கும். களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை இரண்டாவது கியருக்கும் மூன்றாவது கியருக்கும் நடுவே கை அலைந்துகொண்டே இருக்க வேண்டிய சாலையில், அந்தத் தலையில் விரல் தட்டாமல் வண்டி ஓட்ட முடியாது. தட்டத் தட்ட போர்ட்டின் உள்தகடு இளகும். பிறகு பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் மேப் அறுந்து அறுந்து வரும்.

இதை வசதியான இடத்துக்குக் கொண்டுபோகப் பல வழிகள் உண்டு. எங்கள் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: முக்கால்வாசி வண்டிகளுக்குப் பழைய போர்ட்டை அசைக்காமல் விட்டுவிட்டு, சார்ஜுக்கென்று புதிதாக ஒன்றை வைப்பதுதான் கொள்ளாம். ஆனால் போனை ஸ்டீரியோவோடு வயரில் இணைத்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு அது போதாது. அவர்களுக்கு வழி வேறு.

உங்கள் போர்ட் என்ன வேலை செய்கிறது?

யூஎஸ்பி 2.0 போர்ட்டுக்குப் பின்னால் நாலு கம்பி. சிவப்பு 5 வோல்ட், கறுப்பு எர்த், வெள்ளையும் பச்சையும் டேட்டா. வழக்கமான நிறங்கள் இவை. வண்டி கம்பெனிகள் இதை மாற்றிப் போடுவதும் உண்டு என்பதால் நிறத்தை நம்பி எதையும் வெட்டக் கூடாது.

போனின் மேப்பையும் பாட்டையும் ஸ்டீரியோத் திரைக்குக் கொண்டுவரும் ஆண்ட்ராய்டு ஆட்டோ அல்லது கார்பிளே, பென்டிரைவ் பாட்டு இவற்றில் ஏதாவது அந்த போர்ட் வழியாக ஓடினால் நாலு கம்பியும் புது இடத்துக்குப் போக வேண்டும். சார்ஜ் மட்டும்தான் என்றால் பழைய போர்ட்டைத் தொடவே வேண்டாம். இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஸ்டீரியோவோடு வரும் பல போர்ட்டுகள், குறிப்பாகப் பழைய மாடல்களில், 500 மில்லி ஆம்பியர்தான் கொடுக்கும். மேப்பை ஓடவிட்டு வெயிலில் ஓட்டும்போது போனுக்கு ஏறுவதைவிட இறங்குவது அதிகமாக இருக்கும். அந்த போர்ட்டை எங்கே தூக்கி வைத்தாலும் சார்ஜ் அதிகமாகாது. இடத்தைக் குறை சொல்லி வயரை இழுத்துவிட்டு, வேலை முடிந்தபின் "இப்பவும் ஏறல்லியே" என்று நிற்பவர்கள் இதைக் கவனிக்காதவர்கள்தான்.

பென்டிரைவ் முட்டியில் இடிக்கிறது என்பது மட்டும்தான் குறை என்றால் இந்தக் கட்டுரையே உங்களுக்கு வேண்டாம். விரல் நகம் அளவு பென்டிரைவ் ஒன்றோ, எல் வடிவ அடாப்டர் ஒன்றோ போதும்.

தூரத்தின் கணக்கு

எந்த வழியை எடுத்தாலும் இந்த ஒரு கணக்கிலிருந்து தப்ப முடியாது. சல்லிசான யூஎஸ்பி கேபிளில் மின்சாரக் கம்பி 28 கேஜ், அதாவது ஏடபிள்யூஜி அளவில் மெலிந்த கம்பி. இந்த அளவில் எண் கூடக் கூடக் கம்பி மெலியும். ஒரு மீட்டர் நீளத்தில் போக, வர இரண்டு கம்பியும் சேர்ந்து சுமார் 0.43 ஓம். 1 ஆம்பியர் ஓடினால் 0.43 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 2 ஆம்பியர் இழுத்தால் 5 வோல்ட் 4.15 ஆகிப் போனைச் சேரும். போன் அதைக் கண்டு இழுப்பைக் குறைத்துக்கொள்ளும். நமக்கு அது "மெதுவாக ஏறுது" என்று தெரியும். அதே நீளத்துக்கு 24 கேஜ் கம்பியில் இழப்பு 1 ஆம்பியருக்கு 0.17 வோல்ட். 20 கேஜ் என்றால் 0.07.

12 வோல்ட் பக்கத்தில் கதை வேறு. 0.75 சதுர மில்லிமீட்டர் வயரை 2 மீட்டர் இழுத்து 1.5 ஆம்பியர் ஓடவிட்டாலும் 0.14 வோல்ட்தான் போகும். 12-இல் அது ஒரு பொருட்டே இல்லை. சார்ஜர் சாக்கெட் அதைத் தானே சரிக்கட்டி 5 வோல்ட் கொடுத்துவிடும். ஆக, தூரம் போக வேண்டியது 12 வோல்ட் வயர். 5 வோல்ட் வயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. புதிய சாக்கெட் வைக்கும் வழி மற்றவற்றை முந்துவது இந்த இடத்தில்தான்.

எக்ஸ்டென்ஷன் கேபிள்

பழைய போர்ட்டில் ஆண் முனையைச் சொருகி, கேபிளை கன்சோலுக்குள் மறைத்து, பெண் முனையை வேண்டிய இடத்தில் திருகிப் பொருத்துவது. ஸ்டீரியோவைக் கழற்ற வேண்டாம், பேட்டரியைத் தொட வேண்டாம், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பிடிக்காவிட்டால் பிடுங்கிவிடலாம். வாரண்டியில் உள்ள வண்டிக்கு யாரும் குறை சொல்ல முடியாத வழி இது. செலவு சில நூறு ரூபாய்.

வாங்கும்போது கேபிளின் உறையில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். இரண்டு எண்கள் இருக்கும். 28-உம் 24-உம் என்றால் டேட்டா ஜோடி 28, மின்சார ஜோடி 24. இரண்டுமே 28 என்றால் வைத்துவிட்டு வாருங்கள். எதுவும் எழுதாத கேபிளையும்தான். நீளம் அரை மீட்டரில் அடங்கினால் நல்லது, ஒரு மீட்டரைத் தாண்டவே வேண்டாம்.

இதன் பலவீனம் ஆண்ட்ராய்டு ஆட்டோவில் தெரியும். அதற்கு மூன்று அடிக்குள் உள்ள நல்ல கேபிள் வேண்டும், எக்ஸ்டென்ஷனையும் ஹப்பையும் தவிர்க்க வேண்டும் என்பது கூகுளே சொல்லும் அறிவுரை. நடைமுறையில் 50 சென்டிமீட்டர் எக்ஸ்டென்ஷனும் 30 சென்டிமீட்டர் போன் கேபிளும் பெரும்பாலும் ஓடிவிடும். ஒரு மீட்டரோடு ஒரு மீட்டர் சேர்த்தால் திரை கறுத்துப்போவதும் மறுபடி இணைவதுமாக இருக்கும். சார்ஜ் மட்டும் சரியாக ஏறிக்கொண்டிருப்பதால் குறை போனில்தான் என்று தோன்றும்.

டைப்-சி போர்ட் உள்ள வண்டிக்கு இந்த வழியைச் சொல்ல மனம் வரவில்லை. டைப்-சி எக்ஸ்டென்ஷனுக்கு அந்தத் தரநிலையிலேயே இடமில்லை. கடையில் கிடைப்பவற்றில் சில ஒரு பக்கமாகச் சொருகினால்தான் வேலை செய்யும், சிலவற்றில் வேகச் சார்ஜ் போய்விடும்.

போர்ட்டையே கழற்றி நகர்த்துவது

ஸ்டீரியோவுக்குப் பின்னாலிருந்து வரும் கேபிளைக் கழற்றிவிட்டு, நீளமான ஷீல்டு கேபிள் (இரைச்சலைத் தடுக்க மேலே உலோக உறை சுற்றியது) போட்டு, அதே போர்ட்டை வேறு இடத்தில் வைப்பது. எக்ஸ்டென்ஷனைவிட ஒரு இணைப்பு குறைகிறது. டேட்டா உறுதியாக இருக்கும். பார்வைக்கும் கம்பெனி போட்டதுபோல் அமையும். வயரில் ஆண்ட்ராய்டு ஆட்டோ வேண்டும், போர்ட் மட்டும் இடம் மாற வேண்டும் என்பவர்களுக்கு இதுதான் நேர்வழி.

ஆனால் கேபிளை வாங்கும் முன் போர்ட்டை வெளியே இழுத்து, பின்னால் எத்தனை கம்பி என்று எண்ணுங்கள். நாலு கம்பியும் ஒரு ஷீல்டும் என்றால் அது வெறும் வாய், நகர்த்தலாம். ஆறு, எட்டு கம்பி இருந்தால் உள்ளே சர்க்யூட் உண்டு, தனியாக 12 வோல்ட்டும் வருகிறது. அதை நகர்த்த முழு ஹார்னஸே, அதாவது வயர்க் கட்டே, நீள வேண்டும். வீட்டில் செய்கிற வேலை அல்ல. ஸ்டீரியோவின் முதுகில் உள்ள சாக்கெட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். செட்டை வெளியே எடுத்துப் படம் பிடித்து, அதைக் காட்டி வாங்குவதே பத்திரம். மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் திரும்பப் போக வேண்டிவரும்.

டாஷ்போர்டைத் திறக்கும் வேலை என்பதால், 10 மில்லிமீட்டர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகடிவ் டெர்மினலைக் கழற்றி, குறைந்தது 3 நிமிடம் காத்திருங்கள். மஞ்சள் உறையோ மஞ்சள் கனெக்டரோ கண்ணில் பட்டால் அது ஏர்பேக். கை வைக்கவே கூடாது. பேனலை நெம்ப பிளாஸ்டிக் நெம்புகோல் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் கீறல் விழும், கிளிப் ஒடியும், ஒடிந்த கிளிப் காலத்துக்கும் கடகடக்கும். பேட்டரியைத் திரும்ப மாட்டியபின் சில வண்டிகளில் கண்ணாடி ஒரே அழுத்தில் ஏறாது. முழுக்க ஏற்றி சுவிட்சைச் சில விநாடி பிடித்துக்கொண்டிருந்தால் பழையபடி ஆகிவிடும்.

வெட்டி ஒட்டுவது

"நாலு கம்பிதானே, நடுவில வெட்டி நீட்டிரலாம்" என்று சொல்லும் வயரிங்காரர்கள் உண்டு. ஹாரன் வயருக்கு அது சரி. யூஎஸ்பி டேட்டா ஜோடி முறுக்கப்பட்டு, மேலே ஈயத்தாள் சுற்றிவருவது சும்மா இல்லை. முறுக்கைப் பிரித்து இரண்டு அங்குலம் விரித்து ஒட்டினால் அந்த இடத்தில் சிக்னல் சிதறும். பாட்டு ஓடலாம், ஆண்ட்ராய்டு ஆட்டோ அறுந்து அறுந்து வரும். வெள்ளையும் பச்சையும் மாறிப்போனால் சார்ஜ் மட்டும் ஏறும், செட் போனைக் கண்டுகொள்ளாது. சிவப்பும் கறுப்பும் உரசினால் ஸ்டீரியோவின் போர்டையே பார்க்க வேண்டிவரலாம். முறுக்கிவிட்டு மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினால், மேமாத வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் பசை உருகி டேப் கழன்று வந்துவிடும்.

வேறு வழியே இல்லை என்றால் மட்டும்: நாலு கம்பியையும் ஒரே இடத்தில் வெட்டாமல் முன்னும் பின்னுமாக வெட்டி, சால்டர் வைத்து, ஒவ்வொன்றுக்கும் சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் தனியாகப் போட்டு, முறுக்குப் பிரிந்த நீளம் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கும்படி பார்த்து, ஷீல்டையும் சேர்த்துப் பிணைக்க வேண்டும். இவ்வளவு பொறுமை உள்ளவர் புதுக் கேபிளே வாங்கிவிடுவார். வாரண்டி வண்டியில் இதைச் செய்தால், நாளைக்கு செட்டில் வரும் எந்தக் குறைக்கும் நீங்கள் வெட்டிய வயரைத்தான் காட்டுவார்கள்.

ஃபியூஸ் பாக்ஸிலிருந்து புதிய சாக்கெட்

சார்ஜ்தான் தேவை என்றால் இதற்கு ஈடு இல்லை. பொருட்கள் கொஞ்சம்தான்: 12 வோல்ட்டை 5 வோல்ட் ஆக்கும் கார் யூஎஸ்பி சாக்கெட், ஃபியூஸ் டேப் எனப்படும் கிளை எடுக்கும் துண்டு, 5 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு, 0.75 அல்லது 1 சதுர மில்லிமீட்டர் வயர் சிவப்பும் கறுப்புமாக இரண்டிரண்டு மீட்டர், எர்த்துக்கு வளையக் கிளிப், துணி டேப், மல்டிமீட்டர்.

சாக்கெட் வாங்கும்போது "3.1 ஆம்பியர்" என்ற எழுத்தில் மயங்க வேண்டாம். பெரும்பாலும் அது இரண்டு வாய்க்கும் சேர்த்த கணக்கு, ஒன்றில் 2.1, மற்றதில் 1. வேகச் சார்ஜ் போன் வைத்திருப்பவர்கள் டைப்-சியில் 18 முதல் 30 வாட் வரை கொடுக்கும் சாக்கெட்டைப் பார்க்கலாம். 15 வாட் சாக்கெட் 12 வோல்ட் பக்கத்தில் ஒன்றரை ஆம்பியர்போல இழுக்கும், 30 வாட் என்றால் மூன்றுக்குள். இரண்டுக்கும் 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். ஃபியூஸ் காப்பது வயரைத்தான், போனை அல்ல. "அடிக்கடி போகுது" என்று 15 போட்டால் அடுத்து எரிவது வயராக இருக்கும்.

ஃபியூஸ் டேப்பில் மினி, குட்டை மினி, மைக்ரோ என்று அளவுகள் உண்டு. ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும், மாறிச் சொருகினால் தளரும். உங்கள் பாக்ஸிலிருந்து ஒரு ஃபியூஸைப் பிடுங்கிக் கடைக்கு எடுத்துப்போங்கள்.

எந்த ஃபியூஸில் கிளை எடுப்பது? மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பாடி போல்ட்டில் தொட்டுக்கொண்டு, சாவி போட்டால் 12 காட்டி, எடுத்தால் பூஜ்யம் காட்டும் இடத்தைத் தேடுங்கள். லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் பல வண்டிகளில் இப்படி இருக்கும். சிலவற்றில் எப்போதும் மின்சாரம் இருக்கும் என்பதால் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஏர்பேக், ஏபிஎஸ், எஞ்சின் கம்ப்யூட்டர் ஃபியூஸ்கள் பக்கம் போகவே கூடாது.

சாவி எடுத்தாலும் மின்சாரம் நிற்காத இடத்தில் எடுத்தால் என்ன ஆகும்? நீல விளக்கும் வோல்ட் மீட்டரும் உள்ள சாக்கெட் சும்மா இருந்தே 20 மில்லி ஆம்பியர் இழுத்தால், ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர்-மணி. பல சிறிய கார்களின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி. தினமும் ஓடும் வண்டிக்கு இது தெரியாது. வண்டியை ஷெட்டில் ஏற்றிவிட்டுத் துபாய்க்கோ சவூதிக்கோ போய், இரண்டு மாதம் கழித்து விடுப்பில் வருகிறவருக்குத் தெரியும். அதற்குள் 29 ஆம்பியர்-மணி போயிருக்கும்.

ஃபியூஸ் டேப்பைச் சொருகுவதிலும் பக்கம் உண்டு. அதன் இரண்டு காலில் ஒன்றுதான் இரண்டு ஃபியூஸுக்கும் பொது. மின்சாரம் வரும் பக்கத்தில் அந்தக் கால் இறங்க வேண்டும். சோதிப்பது எளிது. பழைய ஃபியூஸை வைக்காமல், புது ஃபியூஸ் மட்டும் உள்ள டேப்பைச் சொருகி, சாவி போட்டு வயர் முனையில் அளந்து பாருங்கள். 12 வந்தால் பக்கம் சரி. வராவிட்டால் திருப்பிச் சொருகுங்கள். மாறி இருந்தாலும் சாக்கெட் வேலை செய்யும் என்பதால் பலரும் கவனிப்பதில்லை. ஆனால் அப்போது உங்கள் சுமை முழுதும் பழைய ஃபியூஸ் வழியாகவும் போகிறது.

எர்த்துக்குத் தகட்டில் புதிதாகத் துளை போடாதீர்கள். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று கடல் ஓரத்தில் நிற்கும் வண்டியில் பெயின்ட் போன தகடு சீக்கிரம் துரு ஏறும். டாஷ்போர்டுக்கு அடியில் ஏற்கனவே எர்த் வயர் மாட்டிய போல்ட் இருக்கும். அதிலேயே வளையக் கிளிப்பை வைத்து இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவிவிடுங்கள். ஏர்பேக்கின் எர்த் போல்ட்டை மட்டும் விட்டுவிடுங்கள்.

சாக்கெட்டை எங்கே பொருத்துவது என்பதற்கு எங்கள் முதல் விடை, டம்மி சுவிட்ச். குறைந்த விலை மாடல்களில் ஸ்டீரிங்குக்கு வலப்பக்கம் காலியாக மூடிய சுவிட்ச் இடங்கள் ஒன்றிரண்டு இருக்கும். அந்த அளவுக்கே செய்த யூஎஸ்பி சாக்கெட் அதிகம் விற்கும் மாடல்களுக்குக் கிடைக்கிறது. நீள அகலத்தை அளந்து வாங்கினால் துளையே தேவையில்லை. கிடைக்காவிட்டால் டாஷ்போர்டின் அடி விளிம்பில் தொங்கும் பிராக்கெட். வட்டச் சாக்கெட்டுக்குத் துளை போட்டே தீர்வேன் என்றால் 29 மில்லிமீட்டர் வேண்டும், பின்னால் 6 சென்டிமீட்டர் ஆழமும் வேண்டும். கழற்றி எடுக்கக்கூடிய சின்னப் பேனலில் மட்டும் போடுங்கள். மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறித்து, 3 மில்லிமீட்டர் பிட்டில் தொடங்கி, படிப்படியான ஸ்டெப் டிரில்லால் மெதுவாக அகலப்படுத்துங்கள். வேகமாகச் சுற்றினால் பிளாஸ்டிக் உருகி ஓரம் சுருளும்.

மலிவான சாக்கெட்டின் இன்னொரு தொல்லை ரேடியோவில் கேட்கும். உள்ளே இருக்கும் மின்மாற்றுச் சர்க்யூட் போடும் இரைச்சலில் நாகர்கோவில் வானொலி கரகரக்கும். வயரை ஆண்டெனா கேபிளிலிருந்து தள்ளிவைத்து, சாக்கெட்டுக்குப் பக்கத்தில், வயரைச் சுற்றி மாட்டி இரைச்சலை அடக்கும் ஃபெரைட் மணி ஒன்றை மாட்டிப் பாருங்கள். அதற்கும் போகாவிட்டால் சாக்கெட்டை மாற்றுவதே வழி.

ஒயர்லெஸ் டாங்கிள்

வயரில் ஆண்ட்ராய்டு ஆட்டோவோ கார்பிளேயோ ஏற்கனவே ஓடும் செட் என்றால், பழைய போர்ட்டில் ஒரு டாங்கிளை, அதாவது அந்த இணைப்பை வயரில்லாததாக்கும் சின்னக் கருவியை, சொருகி மறந்துவிடலாம். ப்ளூடூத் வழியாகக் கைகுலுக்கி, வைஃபை வழியாகத் திரை வரும். போர்ட் எந்தப் பள்ளத்தில் இருந்தாலும் கவலையில்லை. வண்டி எடுத்ததும் இணைய அரை நிமிடம்போல ஆகும், பாட்டு மாற்றினால் கொஞ்சம் தாமதிக்கும், போன் சூடாகும், சார்ஜ் வேகமாக இறங்கும். அதனால் இதோடு மேலே சொன்ன புதிய சாக்கெட்டும் வேண்டியிருக்கும். இரண்டும் சேர்ந்தால் செலவு சில ஆயிரம் ரூபாய். ஆனால் ஸ்டீரியோவைக் கழற்றாமல், ஒரு கம்பெனி வயரைக்கூட வெட்டாமல் காரியம் முடிகிறது. ஆறு, எட்டு கம்பி போர்ட் உள்ள வண்டிக்கு நாங்கள் சொல்வது இந்த ஜோடியைத்தான்.

வயர் போகும் வழி

ஸ்டீரிங் தண்டு, பெடல், ஹேண்ட்பிரேக் கம்பி, சீட் தண்டவாளம் இவற்றின் குறுக்கே வயர் போகக் கூடாது. பின்சீட்டுக்குக் கொண்டுபோவதானால் கன்சோலின் உள்ளே விடுங்கள். கார்பெட்டுக்கு அடியில் விட்டால் சீட்டை முன்னே தள்ளும் ஒரு நாளில் தண்டவாளம் அதைக் கடித்துவிடும். 15, 20 சென்டிமீட்டருக்கு ஒரு இடத்தில் கட்டி, முனையில் ஒரு கை அகலம் தளர்வாக விடுங்கள். கடகடப்புக்குத் துணி டேப். எலி புகும் வீடாக இருந்தால் வளையமான பிளாஸ்டிக் குழாய்க்குள் வயரை விடுவது நல்லது.

இரண்டு மழையும் பெய்யும் மாவட்டம் இது. ஜூனிலும் நனைந்த காலோடு ஏறுவோம், நவம்பரிலும் ஏறுவோம். ஏசித் தண்ணீர்க் குழாய் அடைத்தால் இடப்பக்கக் கார்பெட் ஊறிக் கிடக்கும். தரையில் எந்த இணைப்பும் வேண்டாம். போர்ட்டின் வாய் மேலே பார்த்து இருக்கவும் வேண்டாம். சொத்தவிளைக்கோ முட்டத்துக்கோ போய்வந்தால் மணலும், வழியில் வாங்கிய சாயாவும் அதற்குள்தான் இறங்கும். பக்கவாட்டில் பார்க்கும்படி வைத்து, ரப்பர் மூடி உள்ளதாக வாங்குங்கள். உப்புக்காற்றில் தகடு பச்சை பூத்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மெல்லிய பிரஷில் தொட்டுத் துடைத்து, காய்ந்தபின் சொருகுங்கள். டேட்டா வாய்க்குள் கிரீஸ் வைத்தால் தூசிதான் அப்பும்.

பேனலை அழுத்தி மூடுவதற்கு முன், விரல் நீள யூஎஸ்பி மீட்டர் ஒன்றைச் சொருகி, போன் 1 ஆம்பியராவது இழுக்கும்போது வோல்ட்டைப் பாருங்கள். 4.75-க்கு மேல் என்றால் மூடலாம். 4.5-க்குக் கீழே என்றால் முதலில் கேபிளையும், பிறகு எர்த்தையும் சந்தேகப்படுங்கள். டேட்டா போர்ட் என்றால் பேனல் திறந்தபடியே ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, எல்லா கியரும் போட்டு, சீட்டைக் கடைசிவரை தள்ளி, ஒரு மோசமான சாலையில் இருபது நிமிடம் ஓட்டிப் பாருங்கள். அப்படிப்பட்ட சாலையைத் தேடி நாம் அதிக தூரம் போக வேண்டியதில்லை.